மனேஜரை மனேஜராக்கிய கதை

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு ஒரு மனேஜர் வேண்டும் என்று நிர்வாகம் கூடிப் பேசியபோது, ஊரில் எல்லோரும் ஏற்கெனவே ‘மனேஜர்’ என்று கூப்பிடுகிற ஒருவர் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். கூட்டுறவுக் கடையில் நெடுங்காலம் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அரிசி மூட்டைகளுக்கும் மண்ணெண்ணெய்ப் பரல்களுக்கும் மனேஜர். அவருடைய காலில் பந்து பட்டதை ஊரில் யாரும் கண்டதில்லை. ஆனால் ஆள் தேடுகிற அலுப்பு மிச்சம். பெயரும் பதவியும் தாமாகவே பொருந்தி வந்துவிட்டன. எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து வடையும் தேநீரும் கொடுத்தார்களாம்.

விளையாடுகிற எங்களை யாரும் கேட்கவில்லை. நான்தான் அப்போது அணித்தலைவி. எனக்கு விஷயம் தெரிந்தது அடுத்த நாள், நண்டுக் கொம்பனியில். அவித்த நண்டின் கோதை உடைத்துச் சதை எடுக்கிற மேசையில் எனக்கு எதிரே இருக்கிற அக்கா கையை நிறுத்தாமலே சொன்னார்.

“உங்கட ரீமுக்கு மனேஜர் போட்டாச்சாம்.”

“ஆரை?”

“மனேஜரை.”

“அதுதான் கேக்கிறன், ஆர் மனேஜர்?”

“மனேஜர்தான் மனேஜர்.”

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். மேசையில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மாதா கோவில், கோவிலுக்குப் பின்னால் மைதானம். மைதானம் என்றால் மணல். பந்து உருளாது, கால் புதையும். அந்த மணலில் ஓடிப் பழகியவர்கள் புல்தரையில் இறங்கினால் காற்றுப் போலப் போவோம். மற்ற ஊர் அணிகள் எங்களுக்குக் கொஞ்சமாவது பயந்தது அந்த ஓட்டத்துக்குத்தான். அணியைத் தொடக்கிப் பழக்கியவர் எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு ரீச்சர். பள்ளிக்கூடம் விட்டு, வேலைக்குப் போய், சிலருக்குக் கலியாணமும் ஆன பிறகும் அவர் எங்களை விடவில்லை. பின்னேரம் விசில் சத்தம் கேட்டால் வீட்டில் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓடுவோம். அவருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. போகிற அன்று, “இனி நீங்களே உங்களைப் பாத்துக்கொள்ளுங்கோ பிள்ளையள். ஒருத்தரையும் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ” என்றார். சில மாதங்கள் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம். பெரிதாக வெல்லவும் இல்லை, வெட்கப்படுகிற மாதிரித் தோற்கவும் இல்லை. அது நிர்வாகத்தின் கண்ணைக் குத்தியது. தாங்கள் இல்லாமலே ஒரு காரியம் நடந்துகொண்டிருப்பதை எந்த நிர்வாகத்தால்தான் பொறுக்க முடியும்?

எங்களுடைய பலம் எங்கள் கீப்பர். அவள் எங்கள் ஊரில் பிறந்தவள் இல்லை. தர்மபுரத்துப் பெண். அவளுடைய தாத்தா காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். எங்கள் ஊரில் கடற்றொழில் செய்கிற ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை பிள்ளையாரிடம் போவாள், ஞாயிறு மாதா கோவிலுக்கும் வருவாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பயிற்சிக்கு வரும்போது குழந்தையையும் கூட்டிவந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மணலில் இருத்திவிடுவாள். அது சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கும். அவள் ஆள் உயரமில்லை. ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்பது உதைக்கிறவளுக்குத் தெரியமுன்னம் அவளுக்குத் தெரிந்துவிடும். நான் பின்களத்தில் நடுவில் விளையாடுகிறவள். என் முதுகுக்குப் பின்னால் அவளுடைய குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்குப் பயமில்லை.

புதிய மனேஜர் பொறுப்பேற்ற முதல் நாள், கோவில் மண்டபத்திலிருந்து ஒரு மேசையும் கதிரையும் மைதானத்துக்கு வந்தன. மேசைக்கு விரிப்பு. விரிப்பின் மேல் தண்ணீர்ப் போத்தல். அவர் இருந்ததும் கதிரையின் பின்கால் இரண்டும் மணலில் புதைந்து, வானத்தைப் பார்த்துச் சரிந்தார். எழுப்பிவிட்டோம். ஒரு பலகை எடுத்துவரச் சொன்னார். பலகை வரும்வரை நின்றுகொண்டே பேசினார். பலகை வந்த பிறகு இருந்துகொண்டு பேசினார். இருட்டும்வரை பேசினார். பந்து எங்கள் நடுவில் கிடந்தது.

அந்தப் பேச்சில் உதைபந்தாட்டம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒழுக்கம், பண்பாடு, நேரம் தவறாமை, மூத்தோரை மதித்தல். கடைசியில்தான் விளையாட்டுக்கு வந்தார்.

“பொம்பிளைப் பிள்ளையள் நிலத்தில விழுந்து உருண்டு விளையாடுறது பாக்க வடிவில்லை. அதை இண்டையோட நிப்பாட்ட வேணும்.”

கீப்பர் கையை உயர்த்தினாள்.

“விழாமல் எப்பிடிப் பந்தைப் பிடிக்கிறது, சேர்?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

“நேர வாற பந்தைப் பிடியுங்கோ.”

இப்படி ஒரு மனிதரின் கையில் எங்களைக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஓவ்சைட் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாததில் குற்றமில்லை, கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருப்போம். அவர் கேட்கவில்லை, எங்களுக்கு விளக்கம் சொன்னார். “மற்ற ஆக்களின்ர பக்கத்தில கனநேரம் நிண்டா நடுவர் ஊதுவார். ஆனபடியா போறதும் வாறதுமா இருக்க வேணும்.” முன்களத்தில் விளையாடுகிற பிள்ளைகள் இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் சப்பாத்து நாடா கட்டுகிறோம் என்று குனிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுடைய துரதிர்ஷ்டம். நாங்கள் வெல்லத் தொடங்கினோம்.

முதல் போட்டிக்கு எதிரணி எட்டுப் பேருடன் வந்தது. அவர்களுடைய ஊரில் அன்று கலியாணம். இரண்டாவது போட்டி நாள் மழை கொட்டியது. எதிரணியின் வாகனம் வழியில் வெள்ளத்தில் நின்றுவிட, நாங்கள் வென்றதாக அறிவித்தார்கள். மூன்றாவதுதான் உண்மையான போட்டி. கடைசி நேரத்தில் எங்களுக்கு எதிராகப் பெனால்டி. எங்கள் கீப்பர் வலதுபக்கம் பாய்ந்து, முழு உடம்பும் நிலத்தில் அடிபட விழுந்து, விரல் நுனியால் பந்தை வெளியே தட்டினாள். எழும்பும்போது முழங்கையில் தோல் இல்லை. மனேஜர் ஓடிவந்தார். அவளிடம் இல்லை, படம் எடுக்கிறவரிடம்.

அடுத்த கிழமை பிரதான வீதியில் ஒரு பதாகை எழும்பியது. நடுவில் அவருடைய முகம், சுளகு அளவில். கீழே எங்களுடைய முகங்கள், முத்திரை அளவில். ‘எமது கழகத்தை வெற்றிப் பாதையில் இட்டுச்செல்லும் முகாமையாளருக்கு வாழ்த்துகள்.’ மேலே பெரிதாக எழுதியிருந்த உதைபந்தாட்டம் என்ற சொல்லில் ‘ந்’ விழுந்துபோய் ‘உதைபதாட்டம்’ என்று இருந்தது. அதை யாரும் திருத்தவில்லை. திருத்தினால் யாரோ பிழை விட்டார்கள் என்று ஆகிவிடும் அல்லவா. மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள். தன்னுடைய உரையில் “நான் பொறுப்பெடுத்த பிறகு” என்று அவர் தொடங்காத வசனம் குறைவு. எங்களைப் பின்வரிசையில் இருத்தியிருந்தார்கள். கீப்பரின் குழந்தை நித்திரையாகி அவளுடைய மடியில் கிடந்தது. அவள் காதில் நான் சொன்னேன், “நீ பிடிச்ச பெனால்டிக்கு அந்தாளுக்குப் பொன்னாடை.”

“எனக்கு வேண்டாம்” என்றாள். “வெக்கைக்கு ஆர் அதைப் போடுறது?”

மூன்று வெற்றி கிடைத்ததும் தனக்கு விளையாட்டுத் தெரியும் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். அதுவரை அவரால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இனித் தொல்லை வரத் தொடங்கியது.

ஒருநாள் பயிற்சிக்குப் போனபோது, கோல் கம்பத்தடியில் நெடுவலாக ஒரு பெண் நின்றாள். இருபது வயது இருக்கும். கையுறை புதிது. மனேஜரின் தங்கையின் மகள், அவருக்கு மருமகள் முறை. வவுனியாவில் நெளுக்குளத்தில் இருப்பவள். சனி ஞாயிறில் மட்டும் பஸ் ஏறி வருவாளாம். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவளாம். உயரம் காணும், கையால் பந்து பிடித்த பழக்கமும் இருக்கிறது, கீப்பருக்கு இதைவிட என்ன வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

வேப்பமரத்தடியில் என்னையும் கீப்பரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துச் சொன்னார்.

“குழந்தைப் பிள்ளையோட நீங்கள் கஷ்டப்படுறியள். கொஞ்சக் காலம் ஓய்வு எடுங்கோ.”

“எனக்குக் கஷ்டமில்லை, சேர்” என்றாள் அவள்.

“இல்லை, இது ஊரின்ர கழகம். ஊர்ப் பிள்ளையளுக்கு முதலிடம் குடுக்க வேணும் எண்டு நிர்வாகத்திலும் கதை இருக்கு. நீங்கள் அந்தப் பக்கத்து ஆக்கள்தானே. பிழையா விளங்கிக்கொள்ள வேண்டாம்.”

பிழையாக விளங்கிக்கொள்ள அதில் ஒன்றும் இருக்கவில்லை. சரியாகவே விளங்கியது. ‘அந்தப் பக்கத்து ஆக்கள்’ என்றால் தர்மபுரம் என்ற இடம் அல்ல. அதற்கும் முன்னால் இருந்த தோட்டம், லயம், கொழுந்துக் கூடை. மூன்று தலைமுறை இந்த மண்ணில் விதைத்து அறுத்தாலும், இங்கேயே கட்டி இங்கேயே பெற்றாலும், அவருக்கு அவள் அந்தப் பக்கத்து ஆள். வாரத்தில் ஐந்து நாள் நெளுக்குளத்தில் இருக்கிற மருமகள் ஊர்ப் பிள்ளை.

“சேர், அவள் இல்லாட்டி நாங்கள் ஒரு மேட்ச்சும் வெல்லமாட்டம்” என்றேன்.

“வெல்லுறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். மூண்டு மேட்ச் வெண்டு காட்டியிருக்கிறன்.”

கீப்பர் கையுறையைக் கழற்றி, ஒன்றோடொன்று தட்டி மணலை உதறினாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று பின்னேரம் முழுக்க நான் வேண்டுமென்றே பந்தைக் கடற்பக்கம் உதைத்தேன். போய் எடுத்துவரத் தொலைதூரம்.

மருமகளுக்குப் பந்துக்குப் பயம். பந்து வரும்போது கண்ணை மூடுவாள். கண்ணை மூடுகிற கீப்பருக்கு உயரம் எதற்கு? முதலாவது தோல்வியில் ஐந்து கோல். அடுத்ததில் ஏழு. எங்கள் மனேஜர் ஒவ்வொரு தோல்விக்கும் பேஸ்புக்கில் ஒரு விளக்கம் எழுதினார். முதல் தோல்விக்கு நடுவர். இரண்டாவதுக்கு வெயில். “இளம் வீராங்கனைகளுக்கு வாய்ப்பளிக்கும் நீண்டகாலத் திட்டம்” என்றும் எழுதினார். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு இதயம் போட்டார்கள். கோலுக்குள் போன பந்தை எடுத்து எடுத்து எங்களுக்கு முதுகு நொந்தது.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு, மருமகள் உடைமாற்றுகிற அறையின் மூலையில் இருந்து அழுதாள். எனக்கு அவளில் கோபம்தான் இருந்தது. இருந்தாலும் பக்கத்தில் போய் இருந்தேன்.

“அக்கா, நான் மாமாட்ட வேண்டாம் எண்டுதான் சொன்னனான்” என்றாள். “எனக்குக் கோலுக்க நிக்கவே விருப்பமில்லை. ஓட விருப்பம். அம்மாதான் மாமா கேட்டா மறுக்கக்கூடாது எண்டு அனுப்பினவா.”

பாவம் என்று நினைத்தேன். அவளும் எங்களைப் போலத்தான், கேட்காமல் நியமிக்கப்பட்டவள்.

கிளிநொச்சியில் நடந்த போட்டிதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. அதில் தோற்றால் அந்த வருடத்துக்கு வெளியே. கழகம் ஒரு பஸ் பிடித்திருந்தது. மனேஜர் முன் இருக்கையில். மைதானத்தில் இறங்கியபோது, வேலியோரம் கீப்பர் நிற்பதைக் கண்டேன். சாதாரண பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். சுடிதார், காலில் செருப்பு, கையில் குழந்தை.

“ஏன் வந்தனி?” என்று கேட்டேன்.

“வராமல் வீட்டில இருக்க ஏலாமல் போட்டுது.”

முதல் பாதியில் மூன்று கோல் விழுந்தது. மூன்றாவது, மருமகளின் முகத்தில் பட்டு உள்ளே போனது. மூக்கால் இரத்தம் வழிந்தது. இடைவேளையில் அவள் கையுறையைக் கழற்றி மனேஜரின் முன்னால் நிலத்தில் வைத்தாள். எறியவில்லை, மெதுவாகக் குனிந்து வைத்தாள்.

“மாமா, என்னால ஏலாது. இனி நிக்கமாட்டன்.”

வேறு கீப்பர் எங்களிடம் இல்லை. ஆனால் பழைய கீப்பரின் பெயர் பதிவில் இன்னும் இருந்தது. அதை வெட்டுவதென்றால் மனேஜர் ஒருநாள் மினக்கெட்டு அலுவலகத்துக்குப் போகவேண்டும். அந்தச் சோம்பலால் மிஞ்சிய வழி அது. எல்லோரும் வேலியைப் பார்த்தோம். மனேஜரும் பார்த்தார்.

“போய் அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார் என்னிடம்.

போனேன். சொன்னேன். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

“நீ கேக்கிறியோ, அவர் கேக்கிறாரோ?”

“அவர்தான் அனுப்பினவர்.”

“அப்ப அவர் வந்து கேக்கட்டும். ‘ஊர்ப் பிள்ளை இல்லாட்டிலும் வாங்கோ’ எண்டு அவற்ர வாயால கேக்கட்டும். உடன வாறன். சப்பாத்தை ஆரும் தாங்கோ.”

நான் திரும்பி வந்து அப்படியே சொன்னேன். எங்கள் மனேஜர் நின்ற இடத்துக்கும் வேலிக்கும் இடையில் ஒரு நிமிட நடைகூட இல்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கணம் கால் அசைந்தது மாதிரி இருந்தது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

“அவவுக்கு அவ்வளவு தலைக்கனம் எண்டா தேவையில்லை” என்றார். “ஆரும் ஒராள் நில்லுங்கோ.”

அந்தப் போட்டி, அந்த வருடம், எங்களுடைய ஓட்டம் எல்லாவற்றையும்விட அவருக்கு அந்த நடை தூரமாக இருந்தது. அதற்கு முன்னம் அவரைப் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அருவருத்தேன்.

நிலத்தில் கிடந்த கையுறையை நான் எடுத்துப் போட்டேன். உள்ளே மருமகளின் வியர்வை ஈரம் இருந்தது. வாழ்க்கையில் ஒருநாளும் கோலுக்குள் நின்றதில்லை. கம்பங்களுக்கு நடுவில் நின்று பார்த்தால் மைதானம் வேறு மாதிரித் தெரிகிறது. எல்லோரும் உன்னை நோக்கித்தான் வருகிறார்கள். நடுவர் ஊதினார். முதல் பந்து வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

“வெளிய வா! வெளிய வா! கோட்டில நிக்காதை!”

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. வலைக்குப் பின்னால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். நான் வெளியே ஓடினேன். பந்து என் நெஞ்சில் பட்டுத் திரும்பியது.

இரண்டாம் பாதி முழுக்க அவள் அங்கேதான் நின்றாள். “இடப்பக்கம் ரெண்டடி.” “அவள் வலக்காலால அடிப்பாள், கிட்டக் கம்பத்தைப் பார்.” “இப்ப விழு! விழடி!” விழுந்தேன். தோள்மூட்டில் அடி. பந்து கைக்குள். மனேஜர் பக்கக்கோட்டால் நடந்து வந்து அவளிடம் சத்தம் போட்டார்.

“அதில நிக்கக்கூடாது. நீங்கள் இப்ப ரீமில இல்லை.”

“ஓம் சேர், நான் சனம்” என்றாள் அவள். “சனம் எங்கையும் நிண்டு கத்தலாம்.”

சுற்றி நின்ற கிளிநொச்சிச் சனம் சிரித்தது. எதிரணிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் மேசைக்குத் திரும்பிப் போனார். கிளிநொச்சி மைதானத்தில் புல்தரை. கதிரை சரியவில்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த மரியாதை.

இரண்டாம் பாதியில் ஒரு கோல்தான் வாங்கினேன். நான்குக்குப் பூச்சியம் என்று தோற்று வெளியேறினோம். ஆனாலும் மைதானத்தை விட்டு வரும்போது எங்கள் பிள்ளைகளின் முகத்தில் தோற்ற களை இல்லை. எனக்கு ஒரு கையைத் தூக்க முடியவில்லை. மனம் மட்டும் லேசாக இருந்தது.

பஸ்ஸில் ஏறி இருந்தோம். வெளியே கீப்பர் குழந்தையுடன் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பின்னேர வெயில் முகத்தில் அடித்தது. குழந்தை அவளுடைய தோளில் சரிந்து கிடந்தது. நான் முன்னுக்குப் போய், “சேர், அவளையும் ஏத்திக்கொண்டு போவம். பின்னுக்கு இடம் இருக்கு” என்றேன்.

“இது வீராங்கனைகளுக்குப் பிடிச்ச பஸ். சனத்துக்கு இல்லை” என்றார்.

மைதானத்தில் அவள் சொன்ன சொல்லை எடுத்துத் திருப்பி அடித்துவிட்ட திருப்தி அவருடைய முகத்தில் இருந்தது. அவ்வளவு நேரம் யோசித்து அதைத்தான் தயார் பண்ணியிருக்கிறார்.

நான் என் பையை எடுத்தேன். சாரதியிடம் கதவைத் திறக்கச் சொன்னேன். இறங்கினேன். அது ஒரு போராட்டம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. அந்த ஆளுக்குப் பின்னால் இரண்டு மணித்தியாலம் இருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். சில அடி நடந்து திரும்பிப் பார்த்தால், முன்களத்துப் பிள்ளைகள் இருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு மற்றவர்கள். பைகள் கதவில் தட்டுப்படும் சத்தம் மட்டும்தான். எல்லோருக்கும் கடைசியாக, மூக்கில் பஞ்சு அடைத்தபடி மருமகள் இறங்கினாள்.

“எங்கை போறாய்?” என்று அவர் உள்ளேயிருந்து கேட்டார்.

“சனத்தோட வாறன், மாமா.”

பஸ் வெறும் இருக்கைகளுடன் போனது. அவர் முன்னால் இருந்தார், தண்ணீர்ப் போத்தலுடன்.

நாங்கள் முல்லைத்தீவு பஸ்ஸில் நெரிபட்டு ஏறினோம். பாதி வழியில் தர்மபுரம். “எல்லாரும் இறங்குங்கோ, அம்மா வீட்டில சாப்பிட்டிட்டுப் போவம்” என்றாள் கீப்பர். வயிறு காய்ந்திருந்தது. ஒருத்தி மறுக்கவில்லை. வாய்க்கால் ஓரமாக நடந்து போனோம். அவளுடைய அம்மா முற்றத்தில் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார். அணி ஒன்று முழுதாகப் படலைக்குள் நுழைவதைக் கண்டு திகைத்தார்.

“வாங்க புள்ளைங்களா. என்னா இப்படி மண்ணும் ரத்தமுமா வந்திருக்கீங்க? கை காலைக் கழுவுங்க மொதல்ல.”

குசினிக்குள் ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் போனதும் கீப்பரின் பேச்சும் மாறியது. அம்மாவோடு அவர்களுடைய தமிழ், எங்களோடு எங்களுடைய தமிழ். அதுவரை எனக்கு அது தெரியாது. இத்தனை வருடம் அவள் எங்களுக்காக ஒரு தமிழைப் பழகிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் இடது கையால் தட்டைப் பிடிக்க முடியாமல் தடுமாற, மருமகள் என்னுடைய தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

செய்தி கேட்டு அந்த ஊர்க் கழகத்தின் தலைவர் வந்தார். உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். வயலில் நின்று அப்படியே வந்ததால் காலில் சேறு. எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்.

“எங்ககிட்ட பொம்பளை டீம் இல்ல. மைதானம் இருக்கு. அடுத்த வருசம் எங்க பேர்ல வெளையாடுறீங்களா?”

“மனேஜர் ஆர்?” என்று ஒருத்தி கேட்டாள். இருந்த சனம் முழுக்கச் சிரித்தது. அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. “அப்படி யாரும் வேணுமா?” என்றார்.

அடுத்த வருடம் தர்மபுரத்தின் பெயரில் விளையாடினோம். தூரம்தான். சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் போய்ப் பின்னேரம் திரும்புவோம். சில வீடுகளில் சண்டை வந்தது. ஊரை விட்டுக் கொடுத்துவிட்டோம் என்று கோவில் வாசலில் வைத்துக் கதைத்தார்கள். எங்களுக்கு அந்த நிலமும் புதிது. மணல் இல்லை, காய்ந்த செம்மண், விழுந்தால் முழங்கால் போகும். கீப்பர்தான் பயிற்சி கொடுத்தாள். முதல் வேலையாக எல்லோருக்கும் விழப் பழக்கினாள். மருமகளை வலது ஓரத்தில் ஓடவிட்டாள். கோலுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்ற பிள்ளை, ஓடவிட்டதும் யாராலும் பிடிக்க முடியாதவளாகிப் போனாள். அந்த வருடம் வவுனியாவில் நடந்த இறுதிப் போட்டிவரை வந்தோம். அதில் தோற்றோம். எங்களைவிட அவர்கள் நன்றாக விளையாடினார்கள். நடுவரும் வெயிலும் ஒரு குற்றமும் செய்யவில்லை. பார்க்க வந்திருந்த எங்கள் பழைய ரீச்சர், “தோத்தாலும் ரீம் மாதிரி நிண்டியள்” என்று சொல்லிவிட்டு, ஒரு கோர்ணர் உதையில் நான் ஆளை மறிக்காமல் விட்டதற்காகப் பத்து நிமிடம் பேசினார். ஏச்சு இனித்தது.

எங்கள் பழைய கழகத்தில் பெண்கள் அணி இன்னும் இருக்கிறது, பதாகையில். போட்டிக்கு ஆள் சேராது. ஆனால் மனேஜர் குறைந்துபோகவில்லை. இப்படிப்பட்டவர்கள் குறைவதில்லை, ஒரு கதிரையில் சரிந்தால் அடுத்த கதிரை தயாராக இருக்கும். மாகாண அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவுக் குழுவில் ‘மூத்த முகாமையாளர்’ என்று அவரைப் போட்டார்கள். இந்த வருடம் தெரிவுக்குப் போனபோது, நான்கு பேர் இருந்த மேசையில் அவரும் ஒருவர். மற்ற மூவரும் விளையாட்டுத் தெரிந்தவர்கள். கீப்பர் பாய்ந்து விழுந்து பிடித்த இரண்டாவது பந்தோடு அவர்களுடைய முடிவு தெரிந்துவிட்டது. மனேஜர், பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்து, அந்த ஆள் தலையாட்டத் தானும் ஆட்டினார்.

கீப்பரின் பெயரையும் சேர்த்து வாசித்து முடிந்ததும் படம் எடுக்கிறவர் வந்தார். மனேஜர் எழுந்து, பல்லெல்லாம் தெரிய, கீப்பரை நோக்கிக் கையை நீட்டினார். தான் வளர்த்த பிள்ளை என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

அவள் கையுறையைக் கழற்றவில்லை. அப்படியே கை கொடுத்தாள். மண்ணும் வியர்வையும் அவருடைய வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் அப்பியது. அவர் சிரித்துக்கொண்டே நின்றார், படம் எடுத்து முடியும்வரை. அவள் என்னிடம் வந்து, “பசிக்குது. வா, ரோல்ஸ் வாங்கித் தாறன்” என்றாள். மருமகள் தன் மாமாவைப் பார்க்காதது மாதிரிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வெளியே தெருவோரக் கடையில் ரோல்ஸ் அப்போதுதான் எண்ணெயிலிருந்து இறங்கியிருந்தது. வாய் சுடச்சுட நின்று சாப்பிட்டோம்.